நிழல் விழுகிற ஒயர்

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்று புரொஜெக்டருக்கு ஒயர் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "எச்டிஎம்ஐ போடுங்க சார், டிஜிட்டல், கிளாரிட்டி சூப்பரா இருக்கும்." பழைய அனலாக் ஒயரான விஜிஏ என்று வாயைத் திறந்தாலே கடைப்பையன் நம்மை மேலும் கீழும் பார்ப்பான். டிஜிட்டல் என்றால் நல்ல படம், அனலாக் என்றால் மங்கல் படம் என்கிற இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. விடை சரிதான், நானும் எச்டிஎம்ஐதான் போடச் சொல்வேன், ஆனால் சொல்கிற காரணம் சரியில்லை. காரணம் சரியில்லாத விடையை நம்பி சுவரை உடைத்து ஒயர் பதித்தவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம் பக்கம் நண்பன் ஒருவன் வீடு மாறினான். ஒரு கல்யாண மண்டபக்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் 1080பி (1920க்கு 1080 பிக்சல்) எல்சிடி புரொஜெக்டர் ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டினான். 2010 வாக்கில் வந்த மாடல், அதனால் பின்பக்கம் ஒரு மியூசியம் மாதிரி இருக்கும். பழைய அனலாக் சாக்கெட்டுகளான மஞ்சள் கம்போசிட், எஸ்-வீடியோ, பச்சை நீலம் சிவப்பு என்று மூன்று கம்போனென்ட், நீல விஜிஏ, அப்புறம் இரண்டு எச்டிஎம்ஐ. அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர் டியூஷன் நடத்தியவர், ஏதோ பழைய புரொஜெக்டருக்காக ஒரு விஜிஏ ஒயரை ஃபால்ஸ் சீலிங் வழியாகச் சுவருக்குள் இறக்கி, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பன் அதைச் சட்டை செய்யவில்லை. புதிதாக 15 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான். அவர் பைப்பையும் ஒயரின் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தத் தலை பெண்டுல திரும்பாது சார். ஒயரை வெட்டி இழுத்துட்டு அந்தப் பக்கம் ஜாயின்ட் போடலாமா?" என்றார். எச்டிஎம்ஐயை வெட்டி ஜாயின்ட் போடவா? கடைசியில் கேசிங் பட்டி அடித்து, சுவர் ஓரமாகவே, ட்யூப்லைட் ஒயருக்குப் பக்கத்திலேயே கொண்டு போனார்கள்.

முதல் நாள் படம் போட்டபோது நான் இல்லை. ஆனால் போனில் நண்பன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "மச்சான், எச்டிஎம்ஐல படம் வெளிறிப் போய் இருக்குடா. சும்மா பாக்கலாமேன்னு அப்பா அந்தப் பழைய ஒயரைச் சொருகினார். அதுல நல்லா இருக்கு. அவர் வேற, 'நான் அப்பவே சொன்னேன்ல'ங்கிறார்."

அவன் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். திண்டிவனம் பக்கம் பல வருடம் கேபிள் டிவி நடத்தியவர். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஆர்ஜி-6 ஒயரை இழுத்து, கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபையர் வைத்து, மழைக்காலத்தில் ஸ்ப்ளிட்டருக்குள் தண்ணீர் இறங்கினால் ஏணியோடு ஓடியவர். வீட்டுக்குள் போய் டிவியைப் பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுவார் என்று அந்த ஊரில் பேர். புள்ளி புள்ளியாக வந்தால் சிக்னல் குறைவு. படுக்கை வசத்தில் ஒரு பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போனால் எர்த் தகராறு. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை, அல்லது ஒயரின் கடைசி முனை திறந்து கிடக்கிறது. டிவி அவருக்கு ஒரு மீட்டர்.

வெளிறிய கறுப்பு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நண்பனின் பழைய லேப்டாப்பில் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டுமே இருந்தது வசதியாகப் போயிற்று. இப்போது வருகிற லேப்டாப்பில் விஜிஏயைத் தேடினாலும் கிடைக்காது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்தப் பதினைந்து முள் சாக்கெட்டை 2015க்குள் கைவிடப்போவதாக 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து அறிவித்தன. அதற்கப்புறமும் ஆபீஸ் மீட்டிங் ரூம்களில் அது சாகாமல் இருந்தது வேறு கதை.

ஒரே படம், ஒரே காட்சி, இரண்டு ஒயரிலும் போட்டுப் பார்த்தோம். இரவுக் காட்சி. அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விஜிஏயில் கறுப்பு கறுப்பாக இருந்தது. எச்டிஎம்ஐயில் கதாநாயகனுக்கு முடி நரைத்திருந்தது. அதோடு டெஸ்க்டாப்பைக் காட்டினால் கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டு, எழுத்தெல்லாம் லேசாக மெழுகினாற்போல் இருந்தது. விஜிஏயில் முழுத் திரையும் தெரிந்தது, எழுத்தும் கூர்மை. இதைப் பார்க்கிற யாரும் அனலாக்தான் நல்லது என்றுதான் சொல்வார்கள். டிஜிட்டலில் "ஜீவன் இல்லை" என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறதே, அதில் பாதி இந்த மாதிரிதான் பிறந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆனால் இந்த இரண்டு குறைக்கும் ஒயருக்கும் சம்பந்தமே இல்லை. கம்ப்யூட்டர் கணக்கில் கறுப்பு 0, வெள்ளை 255. டிவி கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. எச்டிஎம்ஐயில் 1080பி மாதிரி டிவிக்கான அளவு போனால் லேப்டாப் பெரும்பாலும் டிவி கணக்கிலேயே அனுப்பும். புரொஜெக்டரோ கம்ப்யூட்டர் கணக்கில் உட்கார்ந்திருந்தது, கல்யாண மண்டபத்தில் யாரோ மாற்றி வைத்திருக்க வேண்டும். 16 என்று வருவதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், கறுப்பைவிடப் பதினாறு படி வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டால் நரைக்காமல் என்ன செய்யும்? மெனுவில் வீடியோ ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும், எக்ஸ்பாண்டட் என்று இருந்ததை நார்மல் ஆக்கியதும் முடி கறுத்துவிட்டது. இன்னொன்று ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரத்தில் வருகிற குப்பையை மறைப்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவார்கள். அந்தப் பழக்கம் எச்டிஎம்ஐக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1920 பிக்சலை இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து மெழுகத்தான் செய்யும். அதையும் ஆஃப் செய்தோம்.

இப்போது எச்டிஎம்ஐயில் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல், கத்தி மாதிரி நின்றது. நண்பன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அவர் அசையவில்லை. "ஒயரை மாத்தவே இல்லையே, அப்ப ஒயர்ல என்ன இருக்கு?" என்றார். அதுதான் கேள்வி. கடையில் 800 ரூபாய் ஒயரையும் தங்க முலாம் பூசிய 8,000 ரூபாய் ஒயரையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அவர்கள் முன்னால் போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்கேலும் நிழலும்

விஜிஏவுக்கு மறுபடி மாற்றி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் போட்டோம். புரொஜெக்டரில் ஆட்டோ பட்டனை அமுக்கினேன். விஜிஏயில் இந்தப் பட்டன் ரொம்ப முக்கியம், பலருக்கு இது எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. அனலாக் சிக்னலில் "இதோ ஒரு பிக்சல் முடிந்தது, அடுத்தது ஆரம்பம்" என்று அடையாளம் எதுவும் வராது. அதிகபட்சம் 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்குகிற ஒரு அலை, அவ்வளவுதான். 1080பி என்றால் ஒரு விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் முறை அந்த அலையை வெட்டி எங்கே எந்தப் பிக்சல் என்று புரொஜெக்டர்தான் ஊகிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வெட்டினால் பக்கத்துப் பிக்சல் இதில் கலந்துவிடும், மெல்லிய கோடுகள் நடுங்கும். ஆட்டோவை அமுக்கினால் வெட்டுகிற இடத்தைச் சரிசெய்துகொள்ளும்.

அதற்கப்புறமும் ஒன்று மிச்சம் இருந்தது. அப்பா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கம் மெல்லிய சாம்பல் நிழல் ஒன்று விழுந்துகொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "ஒயர்ல ஜாயின்ட் இருக்கு. மெஷின் பக்கமா இருக்கு" என்றார். நண்பனின் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை வாங்கித் திரையில் வைத்து அளந்தார். எழுத்துக்கும் நிழலுக்கும் ஒன்பது மில்லிமீட்டர்.

நான் அங்கேயே போனில் கணக்குப் போட்டேன். நூறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 221 சென்டிமீட்டர், அதை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 1.15 மில்லிமீட்டர். அப்படியானால் நிழல் ஏறக்குறைய எட்டு பிக்சல் தள்ளி விழுகிறது. படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால் தாமதமாக வருவது வலது பக்கம் விழும். ஒரு பிக்சலை வரைய 6.7 நானோ விநாடி, எட்டுக்கு 54. இந்த மாதிரி ஒயருக்குள் சிக்னல் ஒரு நானோ விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வாக்கில் ஓடும். ஆக, நிழலாக வந்த சிக்னல் நேராக வந்ததைவிடப் பதினோரு மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறது. புரொஜெக்டரில் மோதித் திரும்பி, ஏதோ ஒரு இடத்தில் மறுபடி மோதி, திரும்பவும் புரொஜெக்டருக்கு வந்திருக்கிறது. போக ஒரு பாதி, வர ஒரு பாதி. ஐந்தரை மீட்டரில் ஏதோ இருக்கிறது.

ஃபால்ஸ் சீலிங்கின் மின்விசிறிப் பக்கத்துப் பலகையைக் கழற்றினான் நண்பன். டார்ச் அடித்தால் இரண்டு விஜிஏ ஒயர்களின் தலைகளை இணைத்த ஒரு மலிவான ஜாயினர், இன்சுலேஷன் டேப் சுற்றி, தூசி படிந்து கிடந்தது. அப்பா அங்கே வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அனலாக்கின் மதிப்பு இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதன் படம் டிஜிட்டலைவிட நன்றாக இருக்கும் என்பதெல்லாம் சும்மா, இருக்காது. பதினைந்து மீட்டர் ஓடினால் மெல்லிய விவரம் கரையும், நிழல் விழும், எர்த் சரியில்லாத வீட்டில் பட்டை ஓடும். ஆனால் அது கெட்டுப்போவதைக் கண்ணெதிரில் கெட்டுப்போகும். என்ன கெட்டது, ஏறக்குறைய எங்கே கெட்டது என்பது வரைக்கும் திரையிலேயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும்.

ட்யூப்லைட் போட்டால் இருட்டு

எச்டிஎம்ஐயில் படம் பார்க்க உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் நண்பனின் மனைவி சமையலறை ட்யூப்லைட்டைப் போட்டார். திரை இருண்டது. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை, அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி அதே கூர்மையான படம். அவர் விளக்கை அணைத்தார். மறுபடி இருட்டு. "இது தினமும் நடக்குதுடா, பவர் பிரச்சினைன்னு நினைச்சேன்" என்றான்.

எச்டிஎம்ஐக்குள் படத்துக்கு மூன்று ஜோடி, கிளாக்குக்கு ஒரு ஜோடி. 1080பி 60க்கு, அதாவது விநாடிக்கு 60 படத்துக்கு, ஒவ்வொரு படஜோடியிலும் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபிட், மொத்தம் 4.46. டிஜிட்டல் என்றதும் பலர் ஃபைல் காப்பி எடுப்பதை நினைத்துக்கொள்கிறார்கள், ஒரு பிட் தப்பினால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று. இதில் அதெல்லாம் கிடையாது. படத்தின் பிட் தப்பாக வந்தால் வந்ததுதான், அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கும். அது கொஞ்சம் அதிகமானால் புரொஜெக்டர் கணக்கையே விட்டுவிடும், திரை இருளும், அப்புறம் எச்டிசிபி என்கிற காப்பித் தடுப்புப் பூட்டுக்காக இரண்டு பக்கமும் மறுபடி கைகுலுக்கிக்கொண்டு வர இரண்டு மூன்று விநாடி ஆகும். எங்கள் 15 மீட்டர் ஒயர் தாங்குகிற எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ட்யூப்லைட் சோக் கொடுத்த ஒரு சின்ன உதையில் விழுந்து விழுந்து எழுந்தது. ஆனால் விழாத நேரத்தில் படத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. புத்தம்புது இரண்டு மீட்டர் ஒயரில் எப்படித் தெரியுமோ அதே படம்தான் தெரிந்தது.

அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "இதுல கோளாறு எங்கன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடிக்க முடியாது. ஒயரை மாற்று, ஒவ்வொன்றாகக் கழற்று, அவ்வளவுதான். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு தெருவில் கேபிள்காரரின் மதிப்பு போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர் அன்றைக்குச் சொன்னார். முன்பு வந்து பார்த்துச் சொல்லுவோம், இப்போது வந்து பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறோம், அதை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாமே என்றார்.

தேர்வு நம் கையில் இல்லை

இவ்வளவு சொன்னாலும் நான் யாருக்கும் விஜிஏயோ கம்போனென்ட்டோ போடச் சொல்லமாட்டேன், அதற்குக் காரணம் படமே இல்லை. படக் கம்பெனிகள் அனலாக் கதவைச் சாத்திவிட்டார்கள். புளூ-ரே டிஸ்க்கின் காப்பித் தடுப்புப் பூட்டான ஏஏசிஎஸ்ஸின் உரிம விதிப்படி 2010 டிசம்பர் 31க்குப் பிறகு தயாரிக்கும் பிளேயர் அனலாக்கில் பழைய டிவியின் எஸ்டி தரத்துக்கு மேல் விடக்கூடாது, 2013 டிசம்பர் 31க்குப் பிறகு தயாரிக்கும் பிளேயர் விடவே கூடாது. இத்தனைக்கும் அனலாக் கம்போனென்ட்டில் 1080 கோடு தாராளமாகப் போகும், தொழில்நுட்பத்தில் குறை எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் எச்டிஎம்ஐயைக் காக்கிற எச்டிசிபி பூட்டின் மாஸ்டர் சாவியே 2010இல் வெளியே கசிந்துவிட்டது, அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. அப்படியும் சாதாரண வீட்டுக்காரன் 300 ரூபாய் கன்வெர்ட்டர் வாங்கி ஸ்ட்ரீமிங் பெட்டியை விஜிஏயில் போட்டால் பெரும்பாலும் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பு. இதற்கும் மோசம், ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் சிப் எதுவும் இல்லாத வெறும் ஒயர். அதையும் கூசாமல் விற்கிறார்கள். டிஜிட்டலை அனலாக் ஆக்க நடுவில் ஒரு சிப் இல்லாமல் அது எந்த ஜென்மத்திலும் வேலை செய்யாது.

ஆக எச்டிஎம்ஐதான். என் கவலை, அதைச் சுவருக்குள் எப்படி வைப்பது என்பதில். கம்போனென்ட் காலத்தில் ஆர்ஜி-59 ஒயரைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, பைப்பில் இழுத்து, பின்னால் தலை போட்டுக்கொள்ளலாம், தலை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். எச்டிஎம்ஐக்கு அந்த வசதியே இல்லை, தலையோடுதான் பிறக்கிறது, தலையோடுதான் போக வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் வழக்கமான முக்கால் அங்குல பைப்பை வைத்துவிட்டு அப்புறம் வந்து கேட்கிறார்கள். ஒன்றரை அங்குலமாவது வேண்டும், எல்போ போடாமல் நீண்ட வளைவாகப் போட வேண்டும், கரண்டு ஒயரிலிருந்து தள்ளி ஓட வேண்டும், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்க வேண்டும். எந்த ஒயரும் பத்து வருடத்தில் பழசாகிவிடும், பைப் ஆகாது. 2002இல் வந்த முதல் எச்டிஎம்ஐ விநாடிக்கு ஏறத்தாழ 5 ஜிகாபிட், 2013இல் வந்த 2.0 பதினெட்டு, 2017இல் வந்த 2.1 நாற்பத்தெட்டு. சாக்கெட் மட்டும் மாறவில்லை, அதனால்தான் பழைய ஒயரே போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 1080பிக்குப் பத்து மீட்டர் வரை நல்ல கெட்டியான செப்பு ஒயர் போதும். 4கே 60 என்றால் ஐந்தாறு மீட்டரைத் தாண்டும்போதே, சிக்னலை ஒளியாக மாற்றி அனுப்புகிற ஆப்டிகல் ஒயருக்குப் போய்விடுவது நல்லது. அதில் ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்க்காமல் திருப்பிப் போட்டு இழுத்தால் சிக்னலே வராது, மறுபடி எல்லாவற்றையும் உருவ வேண்டியதுதான். பக்கத்திலேயே ஒரு கேட்-6 நெட்வொர்க் ஒயரும் போட்டுவைத்தால் எதற்காவது உதவும், எச்டிபேஸ்டி பெட்டி வைத்தால் அதிலேயே நூறு மீட்டர் வரை படத்தை அனுப்பலாம்.

நண்பன் ஆப்டிகல் ஒயர் வாங்கிவிட்டான். முனையில் மைக்ரோ எச்டிஎம்ஐ அளவில் சின்னத் தலை, இழுத்த பிறகு பெரிய தலையைச் சொருகிக்கொள்ளும் ரகம், அதே எலக்ட்ரீஷியன் பழைய பைப்பிலேயே இழுத்துக் கொடுத்தார். ட்யூப்லைட் இப்போது அதை ஒன்றும் செய்வதில்லை, உள்ளே படம் வெளிச்சமாக ஓடுகிறது. பழைய விஜிஏ ஒயரை உருவிப் போட்டுவிடலாம் என்று அவன் சொல்ல, அப்பா கூடாது என்று சொல்ல, அப்பனுக்கும் மகனுக்கும் வீட்டில் இன்னும் முடியாத வழக்கு அது. நான் அப்பா பக்கம். என்றைக்காவது எச்டிஎம்ஐயில் திரை கறுப்பாகி நோ சிக்னல் என்று நின்றால், தப்பு ஒயரிலா புரொஜெக்டரிலா என்று சொல்ல அந்த வீட்டில் வேறு சாட்சி கிடையாது. விஜிஏயைச் சொருகிப் படம் வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அந்த ஜாயினரை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.